கன்னியா, சிப்பிப்பாறையா? ஓடுகிறவர்கள் குட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தினமும் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன், கூட ஓட ஒரு நாய் வேண்டும், அது கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நம் ஊர் வேட்டை நாயாக இருந்தால் நல்லது. இவ்வளவுதான் நான் நினைத்தது. ஒரே மாதத்தில் முடிந்துவிடும் என்று ஆரம்பித்த வேலை 7 மாதம் இழுத்தது. இரண்டு இடத்தில் கொடுத்த அட்வான்ஸ் போச்சு, ஒரு தடவை கோவில்பட்டி வரை போய் வெறுங்கையோடு திரும்பினேன், கடைசியில் வந்து சேர்ந்தவளுக்கு 11 மாதத்தில் தொடையில் 9 தையல். இப்போது சிட்டுவுக்கு ஒன்றேகால் வயது. கன்னி, பெட்டை. இதை எழுதும்போது என் நாற்காலிக்கு அடியில் படுத்து வாலை ஃபேன் காற்றுக்கு விட்டிருக்கிறாள்.

வேளச்சேரியில் தனி வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டில் வயதான அம்மாவும் உண்டு. என் கணக்கு இந்த நிலைமைக்கு ஏற்ற கணக்கு. உங்களுக்குத் தோட்டமும் கிணறும் இருந்தால் பாதி பிரச்சினை உங்களுக்கு இல்லை.

1. நாயைத் தேடும் முன் மதில் சுவரைப் பாருங்கள்

இரண்டு இனத்துக்கும் இது பொது. ஐந்தடிச் சுவர் இவற்றுக்கு ஒரு தடையே கிடையாது. ஓடி வந்து தாவ வேண்டிய அவசியம்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்து முன்னங்காலை மேலே வைத்து, பின்னங்காலால் ஒரு உந்து, அவ்வளவுதான். சிட்டு ஏழாவது மாதத்தில் ஒரு பூனைக்காக இதைச் செய்து காட்டினாள். அப்புறம்தான் சுவருக்கு மேல் இரண்டடிக்குக் கம்பி வலை அடித்தேன். நீங்கள் குட்டி வரும் முன்பே அடித்துவிடுங்கள். கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள், ஒட்டிய வயிறு உள்ள உடம்பு எதில் நுழையும் என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் வாயால் கேட்டது போதாது. "நாயா? வளங்க வளங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், நாய் வந்த பிறகு முகம் மாறிய கதை எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால், சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் "செல்லப் பிராணி கூடாது" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் காகிதத்தை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு கேள்வி: நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் கூட்டிப் போவார்கள்? ஓடுகிற ஆட்களுக்கு ஓட்டம் பற்றிக் கவலை இருக்காது, ஆனால் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தால் இந்த நாய் சோபாவின் ஒரு மூலையை எடுத்துவிடும்.

2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்

வளர்ப்பவர்கள் நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் கிடைக்கும். ஒருவர், இரண்டும் ஒரே நாய்தான், கறுப்பு உடம்பில் காலும் முகமும் செம்பழுப்பாக இருந்தால் கன்னி, வெளிர் நிறமாக இருந்தால் பால்கன்னி, செவலை, மயிலை, சாம்பல் என்று மற்ற நிறமெல்லாம் சிப்பிப்பாறை என்பார். அடுத்தவர், அதெல்லாம் கிடையாது, எலும்பே வேற, குணமே வேற என்று அடித்துச் சொல்வார். இந்தச் சண்டையில் நான் முழுசாக ஒரு மாதத்தைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்க வேண்டாம்.

வாங்குகிறவருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டுமே மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிறவை. நீண்ட கூர்முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், சாட்டை மாதிரி மெல்லிய வால், குட்டையான பளபளப்பான முடி. தோள் உயரம் இரண்டடிக்குச் சற்று மேல், எடை 20 கிலோ சுற்றி. நான் நேரில் போய்ப் பார்த்த பதினோரு நாய்களை வைத்துச் சொன்னால், சிப்பிப்பாறை ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் தூண் மாதிரி நடத்துகிறது. கன்னி கொஞ்சம் கூச்சம், சத்தத்துக்குச் சுருங்குகிறது, ஆனால் பழகிவிட்டால் வீட்டில் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறது. பதினோரு நாயை வைத்து இனத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரே இனத்தில் இரண்டு ஈத்துக்கு நடுவில் நான் பார்த்த வித்தியாசம் இந்த இரண்டு இனத்துக்கு நடுவில் பார்த்ததைவிடப் பெரியது.

தனி ஆள், வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் குறைவு, ஓட்டமும் மலையேற்றமும்தான் வாழ்க்கை என்றால் சிப்பிப்பாறை. வீட்டில் பெரியவர்கள், பழகிய சில பேர், நாள் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்கள் என்றால் கன்னி. சின்னக் குழந்தைகள் கத்தி ஓடிக்கொண்டே இருக்கும் வீடு என்றால் இரண்டையும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

காகிதம் சம்பந்தமாக ஒரு விஷயம். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கின மரபணு வள அமைப்பு முதலில் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட். அந்த மூன்றில் கன்னி தனி இனமாக இல்லை. அதனால் "கன்னி" என்று சொல்லி விற்கிறவரிடம், தரப்போகும் சான்றிதழில் இனத்தின் பெயர் என்னவென்று எழுதியிருக்கும் என முன்கூட்டியே கேளுங்கள். கண்காட்சிக்குக் கூட்டிப் போகும் எண்ணம் இல்லையென்றால் இது உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை.

3. "கூட ஓடும்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் ஏமாந்த முதல் இடம் இதுதான். வேட்டை நாய் என்றால் வாங்கிய அடுத்த மாதமே 8 கிலோமீட்டர் பக்கத்தில் ஓடி வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வயது, சில சமயம் ஒன்றேகால் வயது வரை எலும்பின் வளர்ச்சி முடியாது, அதுவரை தார் ரோட்டில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். குட்டி தானாக மண்ணில் குதித்து ஓடி, தானாக நிற்பது வேறு, அது நல்லது. ஆக, இன்று குட்டி வாங்கினால் உங்கள் ஓட்டத்துக்குத் துணை கிடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது, இவை அடிப்படையில் பாய்ச்சல் நாய்கள். ஒரு நிமிஷம் வெறித்தனமான ஓட்டம், அப்புறம் மூன்று மணி நேரம் தூக்கம், இதுதான் இயல்பு. ஒரே சீராக 8 கிலோமீட்டர் என்பது பழக்கப்படுத்த வேண்டிய ஒன்று. நாங்கள் இப்போது 3 கிலோமீட்டரில் இருக்கிறோம், வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டுகிறோம்.

வெயில்: காலை 7 மணிக்கு மேல் சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டிப் போக வேண்டாம். கரிசல் காட்டு நாய், வெயில் தாங்கும் என்பார்கள். தாங்கலாம், ஆனால் அந்தக் காட்டில் அது நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும், இங்கே அதன் கழுத்தில் உங்கள் வார் இருக்கிறது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள், சுட்டால் திரும்பிவிடுங்கள்.

அப்புறம் வேட்டை. முயலைத் துரத்த விடுவது "சும்மா பழக்கத்துக்கு" என்று சிலர் சொல்வார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி துரத்துவதும் வேட்டைதான், பிடிக்காவிட்டாலும் குற்றம்தான். எங்கள் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது, காலையில் அவ்வளவு பறவை, சிட்டுவுக்குக் கண் அங்கேயேதான். அந்த வழியையே மாற்றிக்கொண்டேன்.

4. விற்பவரைத் தேடும்போது

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், கூடவே விற்கத் தெரிந்தவர்களும் கூடிவிட்டார்கள். நான் விழுந்த பள்ளங்களைச் சொல்கிறேன்.

முதல் ஆள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார், கறுப்புக் கன்னிக் குட்டி, அழகோ அழகு. 3,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டேன், அடுத்த நாள் எண் வேலை செய்யவில்லை. அதே போட்டோவை இரண்டு மாதம் கழித்து வேறொருவரும் எனக்கு அனுப்பினார். வீடியோ அழைப்பில் குட்டியைத் தாயோடு காட்டச் சொல்லுங்கள், அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உண்மையான ஆள் சிரித்துக்கொண்டே செய்வார்.

இரண்டாவது ஆளிடம் 2,000 கொடுத்துவிட்டுக் கோவில்பட்டி வரை போனேன். குட்டி இருந்தது, ஆனால் 35 நாள்தான். "இப்பவே எடுத்துட்டுப் போனாத்தான் சார் உங்ககிட்ட ஒட்டும்" என்றார். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடி வாங்கி, கடி கொடுத்துப் பழகாத குட்டி பின்னால் உங்கள் கையில்தான் அதைப் பழகும். மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்றேன், அதற்குள் வேறு ஆள் வந்தால் கொடுத்துவிடுவேன் என்றார். கொடுத்தும்விட்டார், அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

கிரேஹவுண்ட் கலந்த குட்டியைச் சிப்பிப்பாறை என்று விற்பது இன்னொரு பள்ளம். குட்டியாக இருக்கும்போது பார்த்துக் கண்டுபிடிப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். ஒரே வழி, அதே ஜோடியின் முந்தைய ஈத்தில் வாங்கியவர்கள் இரண்டு பேரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுவது. வளர்ந்த நாய் எப்படி இருக்கிறது, சாப்பாடு, பயம், கடி எல்லாம் அவர்களிடம் கேளுங்கள். எண் தர மாட்டேன் என்றால் நன்றி சொல்லி வையுங்கள்.

முயல் பிடிக்கும் வீடியோவைக் காட்டிப் பெருமைப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். நல்லது கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வீடியோவே ஒரு வழக்கு. அவருடைய போனில் உங்கள் எண் எதற்கு இருக்க வேண்டும்?

5. நேரில் போனால் குட்டியைக் கடைசியாகப் பாருங்கள்

நான் கடைசியில் வாங்கிய வீடு சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த ஆள், அதற்காகவே இரண்டு மாதம் காத்திருந்தேன். போனதும் குட்டிகளைக் காட்டுங்கள் என்றேன். "குட்டி எங்க அண்ணாச்சி ஓடிறப் போகுது, முதல்ல ஆத்தாளப் பாருங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் தாய் படுத்திருந்தது. நாலடி தள்ளி என்னை உட்காரச் சொன்னார், கையை நீட்டக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, சும்மா உட்காரணும். பத்து நிமிஷம். முதலில் எழுந்து மரத்துக்குப் பின்னால் போனது, அங்கிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் மெதுவாக வந்து என் செருப்பை மோந்தது, முழங்கையை மோந்தது, பெருமூச்சு விட்டு என்னை ஒட்டியே படுத்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நான் செவலைச் சிப்பிப்பாறைக் கடுவன்தான் வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு போனவன். அடுத்த கொட்டிலில் அதுவும் இருந்தது. அதன் தாய் கடைசி வரை என்னைப் பக்கத்தில் விடவில்லை, கயிறு அறுகிற மாதிரி நின்றது. அம்மா இருக்கிற வீடு. என் முடிவு அந்த வேப்பமரத்தடியில் மாறிவிட்டது.

நீங்கள் பார்க்க வேண்டியவை: தாய்க்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும், எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள் (விதிப்படி வாழ்நாளில் 5-க்கு மேல் கூடாது). தகப்பன் நாயையும் பார்க்க வேண்டும். "அது வேற ஊர்ல இருக்கு" என்றால் அந்த ஊருக்குப் போங்கள், கரிசல் காட்டில் வேற ஊர் என்பது பெரும்பாலும் பத்து கிலோமீட்டர்தான். குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, கண்ணில் பீளை இல்லையா, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி விலா தெரிகிறதா (புழு), பின்னால் நின்று கை தட்டினால் திரும்புகிறதா என்று பாருங்கள். ஓடிவந்து மேலே விழும் குட்டியையும் வேண்டாம், மூலையில் நடுங்கும் குட்டியையும் வேண்டாம். பயந்து ஓடிவிட்டு ஒரு நிமிஷத்தில் திரும்பி எட்டிப் பார்க்கிறதே, அதுதான் வேண்டும்.

6. கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

காசு கொடுக்கும் முன் வாங்குங்கள், பிறகு அனுப்புகிறேன் என்றால் வராது. ரசீது: அதில் விற்பவர் பெயர், வாரியப் பதிவு எண், குட்டி பிறந்த தேதி, நிறம், பாலினம், தொகை. தடுப்பூசி அட்டை: மருத்துவரின் கையெழுத்தும், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிளும் இருக்க வேண்டும், வெறும் பேனாவில் "ஊசி போட்டாச்சு" என்று எழுதியது அட்டை ஆகாது. மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண். இனச் சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு இருக்கிறது என்று சொன்னால், பெற்றோர் இரண்டின் சான்றிதழ் நகலையும் அங்கேயே காட்டச் சொல்லி, உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை யார் செய்வது, யார் கட்டணம் கட்டுவது என்று பேசி முடியுங்கள். பதிவு கேட்டால் விலை ஏறும், தேவையா என்று யோசியுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

7. ஊருக்குக் கொண்டுவருவது

தனியார் பஸ்ஸில் அட்டைப்பெட்டியில் வைத்து "பார்சல்" போட்டு அனுப்புகிறேன் என்பார்கள். வேண்டாம். பத்து மணி நேரம் தண்ணீர் இல்லாமல், டிக்கிச் சூட்டில், பக்கத்தில் என்ன மூட்டை இருக்கிறது என்று தெரியாமல் வரும். வந்து மூன்றாம் நாள் ரத்தக் கழிச்சல் என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ரயிலில் இரண்டு வழி. முதல் வகுப்பில் கூபே (இரண்டு படுக்கை உள்ள தனி அறை) முழுவதும் உங்களுக்குக் கிடைத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில், பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் தடுப்பூசி அட்டையும், கிளம்புவதற்கு ஓரிரு நாளுக்குள் வாங்கிய மருத்துவரின் தகுதிச் சான்றும் கேட்பார்கள். நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், வழியில் இருக்கும் சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்பது ஓரிரு நிமிஷம்தான், அதற்குள் கார்டு வேனுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து ஏற்றுவது லேசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சான்று கொடுக்க மாட்டாஸ்பத்திரியில் ஆள் இருப்பார்களா என்பதும் சந்தேகம். வார நாளில் போங்கள்.

நான் நண்பனின் காரில் கூட்டிவந்தேன். காலையில் சாப்பாடு கொடுக்காமல் ஏற்றினோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். மறக்காமல் கேட்டு வாங்கியது, தாயோடு கிடந்த சாக்கில் ஒரு துண்டு. முதல் நான்கு ராத்திரி அதன் மேல்தான் தூங்கினாள்.

வழியில் பெட்ரோல் பங்க், டீக்கடை வாசல் எங்கேயும் தரையில் இறக்கிவிடாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

8. முதல் 4 மாதம்: ஊசிக் கணக்கு

பார்வோ என்கிற குடல் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடும். கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி வெறிநோய் ஊசி முகாம்கள் இலவசமாக நடக்கும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனியாரைவிடச் செலவு ரொம்பக் குறைவு, ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

வரிசை முடியும் வரை தெருவில் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போனேன். பஸ், குக்கர் விசில், பட்டாசு, குழந்தைகள் சத்தம் எல்லாவற்றையும் கையில் வைத்தபடியே காட்டினேன். கன்னிக்கு இது ரொம்ப முக்கியம், இந்த நான்கு மாதத்தில் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டர் சத்தத்துக்குப் பதுங்கும்.

உண்ணி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாடு, குட்டி கொடுத்தவர் வீட்டில் கேப்பைக் கூழும் மோரும்தான் பிரதானம், வாரம் ஒருநாள் கறி. நான் கூழோடு முட்டையும் கோழியும் சேர்க்கிறேன். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் இந்த நாய்களின் சரியான உடம்பு. தெருவில் யாராவது "சாப்பாடே போட மாட்டீங்களா" என்று கேட்டே தீருவார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

9. உரிமம்

சென்னைக்குள் என்றால் மாநகராட்சி உரிமம் கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்று, உங்கள் போட்டோ, நாயின் போட்டோ, வெறிநோய் ஊசிச் சான்று கேட்டார்கள். நான் எடுத்தபோது கட்டணம் வெறும் 50 ரூபாய். எனக்கு ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், காரணம் ஊசி அட்டையில் மருத்துவரின் பதிவு எண் இல்லை. ஊசி போடும் அன்றே முத்திரையோடு வாங்கிவிடுங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஊசி நாளையும் உரிம நாளையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் மாநகராட்சி, நகராட்சியில் கேளுங்கள்.

10. காலரும் கேட்டும்

இந்த நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து பெரிசு. சாதாரண காலரைப் பின்னால் இழுத்தால் ஒரே வினாடியில் கழற்றிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள், ஓடுவதற்கு, உடம்பைச் சுற்றி மாட்டும் மூன்று பட்டை உள்ள ஹார்னஸ். நீளும் கயிறு வேண்டவே வேண்டாம், எட்டு மீட்டர் பாய்ந்துவிட்டுத் திடீரென்று நிற்கும்போது அதன் கழுத்தும் உங்கள் தோளும் சேர்ந்து போகும்.

இப்போது அந்த 9 தையல். 11 மாதம், கூப்பிட்டால் வருகிறாள், வீட்டில் பத்துக்குப் பத்து. ஒரு ஞாயிறு விடியற்காலை காலி மனையில் வாரைக் கழற்றினேன். தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டது. அவ்வளவுதான், சிட்டு இல்லை. கூப்பிட்டேன், விசில் அடித்தேன், காது மடங்கியே இருந்தது, ஒரு முறைகூடத் திரும்பவில்லை. சீமைக்கருவேலப் புதருக்குள் புகுந்து அந்தப் பக்கம் மெயின் ரோடு. நாற்பது நிமிஷம் தெருத்தெருவாக ஓடினேன். கடைசியில் அவளே வீட்டு கேட்டுக்கு முன்னால் படுத்திருந்தாள், வலது தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. இவற்றின் தோல் அவ்வளவு மெல்லிசு, மற்ற நாய்க்குக் கீறலாகப் போகும் முள் இவற்றுக்குத் துணி மாதிரிக் கிழிக்கும்.

அன்று மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன இனம் என்பது. உடம்பில் கொழுப்பே இல்லாத இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் இறங்காது, அளவையும் மருந்தையும் மாற்ற வேண்டும். எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், "நாட்டு நாய்" என்று மட்டும் எழுதிக்கொள்ள விடாதீர்கள்.

கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் இந்த நாய்க்குக் காது வேலை செய்யாது. பயிற்சியால் குறைக்கலாம், நீக்க முடியாது. நான்கு பக்கமும் அடைத்த இடம் இல்லையென்றால் வாரைக் கழற்றாதீர்கள். அது யாரையாவது தள்ளினாலோ கடித்தாலோ பொறுப்பு உங்களுடையது, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் கவனக்குறைவுக்கு ஆறு மாதம் வரை சிறைகூட இருக்கிறது. நாங்கள் இப்போது நண்பர் ஒருவரின் பேட்மிண்டன் மைதானத்தை வாரம் இரண்டு நாள் காலை அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம், பாய்ச்சல் அங்கே, சீரான ஓட்டம் ரோட்டில் வாரோடு.

11. என் நோட்டில் இருக்கும் முதல் வருஷச் செலவு

குட்டி 9,000. காரில் போய்வர பெட்ரோல், சுங்கம் 9,600. ஊசி, புழு மருந்து, மைக்ரோசிப் 5,500. சாப்பாடு மாதம் 2,800 வீதம் பத்து மாதம், 28,000. உண்ணி மாத்திரை 6,400. தையல் 4,800. மதில் வலை 6,200. காலர், ஹார்னஸ், வார், படுக்கை 2,900. ஏமாந்த அட்வான்ஸ் 5,000. மொத்தம் 77,400 ரூபாய். குட்டியின் விலை இதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் நான் பேரம் பேசியது அந்த 9,000-க்கு மட்டும்தான்.

நேரம்: ஆளைத் தேட இரண்டு மாதம், ஈத்துக்குக் காத்திருக்க இரண்டு மூன்று மாதம், 8 வாரம் ஆகும் வரை இன்னும் இரண்டு. மார்ச்சில் குட்டி வரும்படி ஆரம்பிக்காதீர்கள், ஊசி வரிசை முழுக்கக் கோடையில் மாட்டும். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் வேண்டாம், கன்னி என்றால் கண்டிப்பாக வேண்டாம். தை பிறந்ததும் வீட்டுக்கு வருகிற மாதிரி ஆடியிலேயே போனைச் சுற்ற ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.